லொறியில் மட்டும் பலிக்கும் மந்திரம்

விரலில் முள் குத்தியதற்கு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், பெரிய கட்டோடு மடுல்சீமை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த வீரன் நான். தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் ஒரு பெண் சொன்னாள்:

“எங்க குளவி மந்திரம் லொறி ஓடும்போது மட்டுந்தான் பலிக்கும்.”

நடிப்பு அத்தோடு கெட்டது.

“என்னக்கா புதுசா இருக்கு?” என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள்.

“புதுசுதான். தேயில மலையில கொழுந்து எடுக்கிறப்ப குளவி கொட்டினா, மந்திரிச்சு முடியட்டும்னு ஆளுங்க லயத்து வீட்டுலயே கெடப்பாங்க. அதுக்குள்ள மூச்சு அடைச்சிரும். அதான் மந்திரிக்கிற நாங்கள்லாம் கூடிப் பேசி, ஆஸ்பத்திரிக்குப் போற தோட்டத்து லொறியில ஏறாம வாயத் தெறக்கிறதில்லன்னு முடிவெடுத்தோம்.”

“ஏறுறாங்களா?”

“முன்னாடி இருக்கானே, அவனக் கேளு.”

என் பக்கத்தில் இருந்தவன் திரும்பினான். முகம் இன்னும் பாதி வீங்கியிருந்தது.

“ஆஸ்பத்திரி வேணாம்னுதான் சொன்னேன். அக்கா லொறியில ஏறி ஒக்காந்துக்கிட்டு, மந்திரம் வேணும்னா மேல வாடான்னுச்சு. ஏறினேன். பாதியிலயே நெனவு போயிருச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அக்கா மந்திரத்த நிறுத்தவே இல்லையாம். இன்னிக்குத்தான் வீட்டுக்கு விட்டாங்க.”



பக்கத்துப் பெண் தயங்கிக் கேட்டாள். “அப்ப காப்பாத்தினது ஊசிதானே? மந்திரத்துல ஒண்ணும் இல்லையாக்கா?”

“இல்லாமலா? அது இல்லாட்டி இவன் லொறியில ஏறியிருப்பானா?”

கட்டுப்போட்ட விரலை மெதுவாகச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.