முடிஞ்சுது, எழும்பி வாங்கோ

இரவு இரண்டு மணி இருக்கும். மலைக்கு நடுவே ஒற்றை வீதி. முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. அதற்கு அப்பால்... வெளிச்சமே இல்லை.

போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கேளுங்கள். மெழுகுதிரி அணைந்தால் அணையட்டும். இது பழைய காலத்துக் கதை இல்லை, போன பனிக்காலத்தில் நடந்தது. நம் கட்டடத்தில் ஏழாம் மாடியில் இருக்கிறாரே ஜோசப்பின் அன்ரி, அவருடைய தம்பி நீக்கிலாஸோடு ட்ரக் ஓடிய சச்சிதானந்தனுக்கு நடந்தது. நீக்கிலாஸ் இப்போது ட்ரக் ஓடுவதில்லை. மிசிசாகாவில் ஏதோ பகல் வேலை.

இருவரும் ரொறன்ரோவிலிருந்து கனடாவைக் குறுக்கறுத்து வன்கூவருக்குச் சாமான் ஏற்றிப் போய் வருகிறவர்கள். ஒருவன் ஓட, மற்றவன் இருக்கைக்குப் பின்னால் திரை போட்ட சின்னப் படுக்கையில் தூங்குவான். வண்டி நிற்பதே இல்லை. வருடக்கணக்காக இப்படி ஓடியதில் சச்சிதானந்தனுக்கு அலுப்பு எலும்புக்குள் இறங்கியிருந்தது. தூங்கி எழும்பினாலும் போகாத அலுப்பு. எல்லாம் புஸ்பராணிக்காக. கலியாணம் முடித்த கையோடு யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்த மனைவி. ஸ்பொன்சர் விசா ஒருவழியாகச் சரிவந்து, சனிக்கிழமை பின்னேரம் விமானத்தில் வந்து இறங்குகிறாள். அன்று புதன் இரவு. அவர்கள் வன்கூவரிலிருந்து திரும்பும் வழியில், இன்னும் மலைக்குள்.

"சனிக்கிழமை நீ அங்கை நிக்காட்டி அவள் வந்த பிளேனிலையே திரும்பிப் போயிடுவாள், மாப்பிள்ளை."

"வாயை மூடிக்கொண்டு ஓடடா," என்றுவிட்டுச் சச்சிதானந்தன் திரைக்குப் பின்னால் போய் விழுந்தான்.

இரண்டு நாளாகப் பனி கொட்டியிருந்தது. கீழே பழைய பனி கண்ணாடிபோல் இறுகிக் கிடக்க, மேலே புதுப்பனி அதனோடு ஒட்டாமல் கனத்துக்கொண்டே போனது. அன்று மாலை சூடான காற்று வேறு. அப்படியான நாளில் அந்தக் கணவாயில் வீதியை மூடி, வாகனங்களைச் சரிவு எட்டாத இடத்தில் நிறுத்தி வைப்பார்கள். பிறகு ஆமி வந்து பீரங்கியால் மலையுச்சிக்குக் குண்டு அடிக்கும். பனி தன்பாட்டில் சரிந்து ஆட்களைப் புதைக்க முதல், தாங்களே அதை இறக்கிவிடுகிற வேலை. காவலாளி ஒவ்வொரு வண்டியாக வந்து சொல்லிக்கொண்டு போனான். யாரும் இறங்கக் கூடாது. கம்பியைத் தாண்டவே கூடாது.

அதைக் கேட்டவன் நீக்கிலாஸ். திரையை விலக்கிப் பார்த்தான். மற்றவன் வாய் திறந்தபடி கிடந்தான். எழுப்ப மனம் வரவில்லை. சனிக்கிழமைக்குள் இன்னும் எவ்வளவு ஓட்டம் கிடக்கிறது... கொஞ்சம் படுக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். அவனும் தூங்கிப்போனான்.

டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு சத்தம் தெரியும். ஷெல் புறப்படுகிற சத்தம், விழுகிற சத்தம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் ஓடுகிற நேரம். சச்சிதானந்தன் கண் விழிக்கவில்லை. கால்தான் விழித்தது. சப்பாத்தும் இல்லாமல் கதவைத் தள்ளிக் குதித்தான். வெளிச்சத்தில் நிற்காதே. பள்ளத்தைத் தேடு. குப்புறப் படு. பின்னால் வரிசையாக வாகன விளக்குகள், முன்னால் நல்ல இருட்டு. கம்பிக்குக் கீழால் குனிந்து இருட்டுக்குள் ஓடி, வீதியோர வாய்க்காலில் விழுந்தான்.

விழுந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்தார்.

"தள்ளிப் படுங்கோ தம்பி."

அவன் தள்ளிப் படுத்தான். ஈரச் சாக்கு மணம். மண் நிரப்பிய சாக்கு மழையில் நனைந்தால் வருகிற மணம்... பனிக்குள் எப்படி வந்தது என்று அப்போது அவனுக்கு யோசனை ஓடவில்லை. ஒரு கை வந்து அவன் பிடரியை அமத்திப் பிடித்தது. மெல்லிய கை. சூடும் இல்லை, குளிரும் இல்லை.

"தலையைத் தூக்காதேங்கோ."

மேலே எங்கோ குண்டு வெடித்தது. பிறகு, எதுவுமே இல்லை. பிறகு காற்று வந்தது. அதன் பின்னால் ஒரு நீண்ட சீறல், ரயில் ஒன்று பஞ்சுக்குள்ளால் ஓடி வருவதுபோல. மாவாய் அரைத்த பனி மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் போனது. மூச்சு இழுத்தால் பனிதான் வந்தது. இப்படியே கிடந்தால் என்ன என்று இருந்தது அவனுக்கு. அவ்வளவு அலுப்பு. தலைமாட்டில் ஏதோ பெரிதாக வந்து, முனகி, நின்றது.

அமைதி.

அவன் மெதுவாக எழும்பினான். வாய்க்காலை நிரப்பிக்கொண்டு வந்த பனி கைக்கெட்டும் தூரத்தில் சுவர்போல நின்றது. கரையில் ஏறினான்.

இங்கேதான் அவன் அதைச் செய்தான். ஷெல்லுக்குப் பயந்து, மண்சாக்கு அடுக்கிய பங்கர்க் குழிக்குள் கிடந்து பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சத்தம் ஓய்ந்தபின் முதலில் வெளியே ஏறுகிறவர் திரும்பி நின்று உள்ளே கிடக்கிறவர்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிடும்வரை யாரும் எழும்ப மாட்டார்கள். சச்சிதானந்தன் யோசிக்கவே இல்லை. இருட்டு வாய்க்காலைப் பார்த்துச் சொன்னான்.

"முடிஞ்சுது அண்ணை. எழும்பி வாங்கோ."

பின்னால் பனி நெரிபட்டது.

தடுப்பில் நீக்கிலாஸ் கத்திக்கொண்டு நின்றான். "விசரே உனக்கு? உது சண்டையில்லையடா, பனியடா! அவன் சொன்னவன் இறங்க வேண்டாமெண்டு..." சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. காவலாளி முகம் வெளிறிப்போய் கம்பியைத் தூக்கிப் பிடித்தான். சச்சிதானந்தன் கடந்து வந்தான். காவலாளி கம்பியை இறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தூக்கியபடியே நின்றான், பின்னால் வருகிறவர் குனிய வேண்டாம் என்று நினைத்ததுபோல... பிறகு இருட்டை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டென்று இறக்கினான்.

வீதி திறந்ததும் புறப்பட்டார்கள். விடியும்போது நீக்கிலாஸின் முறை முடிந்தது. திரைக்குப் பின்னால் படுக்கப் போனவன் உடனே திரும்பி வந்தான்.

"மச்சான், உள்ளுக்கை ஈரமாக் கிடக்கு."

"என்ரை சொக்ஸா இருக்கும்."

"சொக்ஸ் இல்லை," என்று மட்டும் சொன்னான் நீக்கிலாஸ். அதன்பிறகு சமவெளி முழுக்க, ரொறன்ரோ வரும்வரை, முன் இருக்கையிலேயே இருந்து தூங்கி வழிந்தான். திரையைப் பிறகு அவன் திறக்கவில்லை. சச்சிதானந்தன் மட்டும் தன் முறை வரும்போது உள்ளே போய் ஒரு ஓரமாக ஒடுங்கிப் படுத்து எழும்பினான். ஏன் ஓரமாக என்று கேட்க நீக்கிலாஸுக்குத் தைரியம் இல்லை.

சனிக்கிழமை நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் புஸ்பராணி மெலிந்து போயிருந்தாள். ஆனால் அவள்தான் அவன் முகத்தைப் பார்த்துப் பதறினாள். "கண்ணெல்லாம் உள்ளுக்கை போயிட்டுது. படுக்கிறேல்லையோ நீங்கள்?" அவன் சிரித்தான். ஸ்காபரோ வீட்டுக்குக் காரில் வரும் வழியெல்லாம் அவளுடைய கையை விடவில்லை. பின் இருக்கையில் பெட்டி வைத்திருந்தார்கள். கதவைத் திறந்து பெட்டியை இறக்கியவன், திறந்த கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். குளிருக்கு அவள்தான் அவசரப்படுத்தினாள்.

இனிச் சொல்லப்போவது புஸ்பராணியே ஜோசப்பின் அன்ரியிடம் சொன்னது.

அன்றிரவு அவன் கட்டிலின் இடப்பக்க விளிம்பில் படுத்தான். புரண்டால் விழுந்துவிடுவான். "ஏன் உந்த ஓரத்திலை?" என்று கேட்டாள். அதற்குள் தூங்கிவிட்டான். பாவம், எவ்வளவு அலுப்போ என்று அவனை ஒட்டி நடுவில் போய்ப் படுத்தாள். விரிப்பு ஈரமாக இருந்தது. ஹீட்டர் தட்தட்டென்று சூடாகும் அறையில்... ஈரச் சாக்கு மணம். அவளுக்கும் அந்த மணம் நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எத்தனை இரவு அதற்குள் கிடந்திருக்கிறாள்.

அப்போது அவளுடைய பிடரிக்குப் பின்னால், களைத்துப்போன ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

"தள்ளிப் படுங்கோ பிள்ளை. இன்னும் முடியேல்லை."

பங்கருக்குள் இடம் கேட்டால் யாரும் மறுத்ததில்லை. அதுவும் ஒரு வழக்கம்.

புஸ்பராணி தள்ளிப் படுத்தாள்.