பினாங்குக்குப் போற பெட்டி

முட்டிய வச்சு அமுக்காதீக தம்பி, தகரம் நெளிஞ்சிரும். மூடி மூடலன்னா உள்ள அடுக்குனது சரியில்ல. இங்குட்டு நவுருங்க, நான் பாக்குறேன். ஆமா, அம்புட்டையும் வெளிய எடுக்கத்தான் போறேன். காலையிலதான நாகப்பட்டினம் பஸ்ஸு? கப்பலு அங்குட்டு உங்களுக்காகத்தான் நிக்குது, ஓடிறாது.

யாரு அனுப்பி விட்டா இங்க? ஒங்க உம்மாவா? பாத்திமுத்து லாத்தாகிட்டக் குடுத்தா பெட்டி கல்லு மாதிரி இருக்கும்னாகளா? சரிதான். இந்தத் தெருவுல கப்பலேறிச் சபர் போற ஆளு பூராம் என் வீட்டு வாசல மிதிச்சுட்டுத்தான் போகுது.

இந்த ஊறுகா ஜாடிக்குக் கயிறு கட்டுனது யாரு? எண்ணெ ஊறுனா கயிறு வழுக்கிரும். கப்பல் ஆடுற ஆட்டத்துல உங்க வெள்ளச் சட்டை பூராம் எலுமிச்சங்கா நாறும். இந்தா, இந்த டியூப் ரப்பரப் போடணும். செக்காலையில கோட்டைச்சாமி சைக்கிள் கடை இருக்குல்ல, ஒட்ட முடியாத டியூப வளையம் வளையமா வெட்டி வச்சிருப்பாரு. இழுத்துப் போட்டமுன்னா பிடிச்ச பிடிய விடாது.

சட்டைய மடிக்காதீக, சுருட்டுங்க. நடுவுல நாடா. பாவாட நாடாதான், சிரிக்காதீக, கப்பல்ல ஒருத்தனும் ஒங்க பெட்டிக்குள்ள எட்டிப் பாக்கப் போறதில்ல. சணலா? அது வேணாம். ஈரம் பட்டா முடிச்சு இறுகிப்போகும், கஸ்டம்ஸ்காரன் தெறக்கச் சொல்லையில கத்திக்கு எங்க போவீக? வெளிக்கட்டுக்குத் தோல்வாருதான். இந்தா, ரெண்டு வாரு, பித்தளைப் பூட்டு. என்னையக் கட்டுன மச்சானோடதுதான். திருப்பியெல்லாம் தர வேணாம்.

அழுகையெல்லாம் இல்ல தம்பி. ரப்பர் நெடி கண்ணக் கரிக்குது, அவ்வளவுதான். அழுகுற காலமெல்லாம் போச்சு. கல்யாணம் முடிஞ்சு மருதாணி அழியிறதுக்குள்ள அவுக பெட்டியக் கட்டுனேன். பெறகு எப்பயாச்சும் வருவாக, அவுப்பேன். போவாக, கட்டுவேன். நெனச்சுப் பாத்தா அவுகளோட இருந்தத விட அவுக பெட்டியோட இருந்ததுதான் ஜாஸ்தி. புள்ள குட்டியும் இல்ல. வீட்டுல சத்தம்னா நான் பாத்திரம் வெளக்குற சத்தந்தான்.

அவுகளுக்குக் கட்டவே தெரியாது. ஒரு கயிறுன்னா முடிச்சு மேல முடிச்சு, குருவிக்கூடு கணக்கா. பினாங்குலருந்து வந்து எறங்குனா நான் பல்லால கடிச்சு இழுத்துத் திட்டிக்கிட்டே அவுப்பேன். அவுக தேத்தண்ணியக் குடிச்சுக்கிட்டு வேடிக்கை பாப்பாக. எனக்குச் சந்தோசம்னா அதுதான் தம்பி, வேற என்னாத்தச் சொல்ல.

காய்ச்சல்ல மௌத்தாயிட்டாகன்னு தந்தி வந்துச்சு, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மையத்து அங்கயே அடங்கிருச்சு. பெட்டி மட்டும் பின்னாடி கப்பல்ல வந்துச்சு. நான் அப்ப புருசன் மௌத்துக்கு இத்தாவுல இருக்கேன், ஆம்பளை முகம் பாக்கக் கூடாது. கொண்டாந்தது அவுக கூடக் கடையில வேலை பாத்த சேக் தாவூதண்ணன், திரைக்கு அங்குட்டு நின்னுக்கிட்டு, கடையாளுக நாங்கதாம்மா அடுக்கிக் கட்டுனோம்னாரு. சவரச் சாமான் எதுல இருக்குன்னு கேட்டேன். தெறந்தாத் தெரியும்னுட்டு வாசலுக்கு எறங்கிட்டாரு. மனுசனுக்குப் பொய் சொல்ல வரல.

தெறந்தா ஒவ்வொண்ணும் தனித்தனியாத் துணியில சுத்திக் கெடக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு சுருக்கு முடிச்சு. நுனிய லேசா இழுத்தாப் போதும், அவுந்துரும். கடையில மூட்டை கட்டுற ஆம்பளைக்கு அந்தக் கை வருமா? அவுக ஓதுற தசுபீகு மணி உருண்டு அந்துராம ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்துச்சு. அதுல முடி தம்பி. நீட்டு முடி, ரெண்டு இழை. கையில எதுவும் அகப்படாம தன் தலையிலருந்து உருவிப் போட்டிருக்கா அங்க ஒருத்தி.

குனியாதீக. நீங்க ஏன் வெக்கப்படுறீக? எல்லா ஊருலயும் நடக்குறதுதான்.

மொதல்ல வயிறு எரிஞ்சுச்சு, இல்லங்கல. இத்தா இருந்த அறைக்குள்ள கெடந்து அவள வையாத நாளில்ல. அப்புறம் அந்த முடிச்சுகள நெனச்சேன். இன்னொருத்தி உக்காந்து அவுக்கப் போறான்னு தெரிஞ்சுதான லேசாப் போட்டிருக்கா? என் பல்லுக்கு வேலையில்லாமப் பாத்துக்கிட்டா. எனக்கு அம்புட்டுக் கரிசனமா இந்த ஊருல யாரும் ஒண்ணும் செஞ்சதில்ல.

பினாங்கு போற எத்தனையோ பேருக்குக் கட்டிக் குடுத்துட்டேன், ஒருத்தர்கிட்டயும் கேக்க வாய் வரல. நீங்க அவுக இருந்த தெருவுக்கே வேலைக்குப் போறீக. சேக் தாவூதண்ணனும் திரும்பப் போயி அங்கதான் இருக்காரு. தனியா இருக்கையில கேட்டா அவ வீட்டக் காட்டுவாரு. சண்டைக்கு இல்ல தம்பி. பெட்டி பத்திரமா வந்துச்சு, ஒண்ணும் ஒடையலன்னு சொல்லுங்க. கடைசியில கஞ்சி எறங்குச்சா, ரொம்ப அனத்துனாகளான்னு கேளுங்க. அவளத் தவிர அதச் சொல்ல எனக்கு யாரிருக்கா?

என்னையப் பத்தி எப்பயாச்சும் பேசுனாகளான்னு... வேணாம், அத மட்டும் கேட்டுறாதீக. இல்லன்னாலும் எனக்காக ஆமான்னு பொய் சொல்லிருவா. அவ அப்படியாப்பட்டவ.