ஓட்டில் ஒரு பச்சைக் கீற்று

கடல்பாசியைக் கழுவியிருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர்? கழுவியவர்களுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும். இலைக்கு இலை மணலும் பொடி நண்டும் ஒட்டியிருக்கும். டாஸ்மேனியாவில் ஜூலை மாதக் குளிர்காலத் தண்ணீரில் அரை மணி நேரம் கை வைத்தால் விரல்கள் நம்முடையவையாக இருக்காது. எனக்கு அறுபத்து மூன்று வயது. முட்டிக்கு முட்டி வலி.

கிளைவும் நானும் இருபத்தாறு வருடம் அபலோன் வளர்த்தோம். பண்ணை அவனுடையது, தீனி போடுவது நான். அந்தக் கடல்நத்தைகளுக்கு மூட்டையில் வரும் தீனியைத் தூவினால் போதும், அன்றைய வேலை முடிந்தது. போன வருடம் கிளைவுக்கு ஒரு யோசனை வந்தது. மூட்டைத் தீனி தின்ற நத்தையில் கடல் ருசி இல்லையாம். ஒரு தொட்டிக்கு மட்டும் ஒரு வருடம் சிவப்புப் பாசி போட்டுப் பார்ப்போம், நன்றாக வந்தால் இருபத்தெட்டுத் தொட்டிக்கும் அதுதான் என்றான். அவன் கடலில் இறங்கி அறுப்பான். நான் படகில் உட்கார்ந்து, குழாய் வழியாக அவனுக்குக் காற்று அனுப்பும் மோட்டாரைப் பார்த்துக்கொள்வேன். கரைக்கு வந்ததும் கழுவுவேன்.

கழுவ வேறு ஆள் வைக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன்.

“உன்ன மாதிரி யாருடா கழுவுவா?” என்றான். பாராட்டாகத்தான் சொன்னான்.

எட்டு மாதம் கழுவினேன். ஒன்பதாம் மாதம் முடியவில்லை. அறுத்து வந்த பாசியைக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிவிட்டு மூட்டைத் தீனியைப் போட்டேன். நத்தைகள் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் மறக்கக் கூடாத ஒன்றை மறந்துவிட்டேன். சிவப்புப் பாசி தின்றால் ஓடு சிவப்பாக வளரும். மூட்டைத் தீனி தின்றால் பச்சையாக வளரும்.

பதினோராம் மாதம் கிளைவ் ஒரு நத்தையைக் கையில் எடுத்துப் பார்த்தான். சிவப்பு ஓட்டின் விளிம்பில் தீக்குச்சி அகலத்துக்குப் பச்சை.

“ஏண்டா மெர்வ், இது என்னடா?”

“கை வலிடா.”

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல.”

இனி திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினான்.

“சரி விடு. முதல்லேருந்து ஆரம்பிப்போம். இன்னும் ஒரே வருஷம்தான?”

அவன் கத்தியிருந்தால் எதுவும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மறுநாள் காலை அவன் தண்ணீருக்கடியில் இருந்தபோது மோட்டாரை அணைத்தேன். அந்தச் சத்தம் மண்டைக்குள் இடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் அமைதி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மோட்டார் தானாக நின்றுவிட்டது என்று விசாரணையில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அவன் மேலே வந்தானா என்று யாரும் கேட்கவில்லை.

வந்தான். மூச்சு வாங்கியபடியே, பழக்கதோஷத்தில் முதலில் பாசிப் பையை நீட்டினான். வாங்கி வைத்தேன்.

“பெட்ரோல் ஊத்த மறந்துட்டியா, கிழட்டுப் பயலே? கையக் குடுடா.”

அவன் இடுப்பில், முங்குவதற்குக் கட்டும் கனத்த ஈயப் பட்டை இருந்தது. அதைக் கழற்ற அவனுக்குத் தோன்றவில்லை. நான் கை கொடுப்பேன் என்றே இருந்தான். படகின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். முரட்டுத்தனமாக அல்ல. அவன் விரல்களும் மரத்துப்போயிருந்தன. அன்றிரவு நெடுநாளுக்குப் பிறகு ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

மனசாட்சி உறுத்தி இங்கே வரவில்லை. நேற்று அவன் மனைவி நோரீன் என் வீட்டுக்கு வந்தாள்.

“அவரு ஆசப்பட்டது நடக்கணும், மெர்வ். இருபத்தெட்டுத் தொட்டிக்கும் பாசியே போட்டுருவோம். உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?”

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இருபத்தெட்டுத் தொட்டி, இன்ஸ்பெக்டர். சிறையில் பாசி கழுவச் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கிளைவ் கடைசியாக நீட்டிய பையை நான் வீணாக்கவில்லை. அன்று மாலையே இலை இலையாகக் கழுவித் தொட்டியில் போட்டேன். ஓட்டை எடுத்துப் பாருங்கள், பச்சைக்கு அப்பால் ஒரு நூல் அளவாவது சிவப்பு இருக்கும். நண்பனுக்குச் செய்ய வேண்டியதில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.