சிலுவை கீறிய பற்றரி

உங்கள் வீட்டுக் கணினியும் அடிக்கடி தானாக நின்றுபோகிறது என்று சற்று முன் சொன்னீர்கள். அதற்குப் பெரிய வைத்தியம் தேவைப்படாது. பக்கத்துத் தகட்டைக் கழற்றித் தூசியை ஊதிவிடுங்கள். காற்றாடி சுற்றுகிறதா என்று பாருங்கள். மெமரித் துண்டுகளைக் கழற்றி, ஒன்றை மட்டும் போட்டு ஓடவிடுங்கள், பிறகு மற்றதை. பழுதில்லாததை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தால் கடைசியில் பழுதானது அகப்படும். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் சுவரிலிருந்து மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அனோஜா அக்காவும் பார்க்கவில்லை.

எனக்கு ஆங்கிலம் தெரியும். தமிழில் சொல்ல விடுங்கள் என்று நான் கேட்டது, அக்காவின் வீட்டில் நடந்த பேச்செல்லாம் தமிழில் நடந்ததால்தான். மொழிபெயர்க்கும் வசுமதி அம்மா தமிழ்நாட்டுக்காரர். நான் கதிரை என்றதும் பேனையை நிறுத்தி, "சேரைத்தானே சொல்றீங்க?" என்று கேட்டார். ஓம், அதுதான். சில்லு வைத்த கதிரை. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

நான் பாண், வசுமதி அம்மாவுக்கு பிரெட், செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். சூடான தட்டுகளை வண்டியில் அடுக்குவது. அதற்கு முன் கல்லூரியில் கணினித் தொழில்நுட்பம் படித்தேன். கடைசி வருடம் போகவில்லை. காரணம் கேட்காதீர்கள், சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலையில் எழும்பவில்லை. அடுத்த நாளும் எழும்பவில்லை. பிறகு அதுவே பழகிவிட்டது.

மோர்னிங்சைட் பகுதியில் அனோஜா அக்காவின் வீட்டுக்குக் கீழே உள்ள பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தேன். மேலே அக்காவும் அவருடைய தகப்பன் அமிர்தநாதரும். மன்னார்க்காரர்கள். அக்காவின் கலியாணம் நடந்து, முடிந்தும் போயிருந்தது. அமிர்தநாதர் அங்கிளுக்குச் சுவாசப்பை நைந்துபோய்விட்டது. மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்சிசன் மெசின் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் அது கத்தும். அப்படி நின்றால் பாவிப்பதற்காக மூலையில் ஒரு சிலிண்டரும் இருந்தது. அதன் திருகு இறுக்கம். அக்காதான் திறப்பார். அங்கிளின் கைக்கு அந்தப் பலம் இல்லை.

அக்கா ஒரு காப்புறுதிக் கொம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தார். தொலைபேசியில் பேசிப் பேசிக் கணினியில் பதியும் வேலை. அவருடைய வேலை அறை என் கட்டிலுக்கு நேர் மேலே. நான் காலையில் வந்து படுக்கும்போது அவர் தொடங்குவார். அந்தக் கதிரைச் சில்லுகள் பலகைத் தரையில் உருளும்போது என் நெற்றிக்கு மேலே உருள்வதுபோல இருக்கும்.

ஒருமுறை கேட்டேன்.

"அக்கா, கதிரைக்குக் கீழ ஒரு கம்பளமெண்டாலும் போடுங்கோவன். நான் பகலிலதானே படுக்கிறனான்."

"ஐயோ கிளிபோட், குறை நினைக்காதையும். எனக்கு அது யோசினையில வரேல்லை. இண்டைக்கே வாங்கிறன்."

வாங்கினார். கம்பளத்தில் சில்லு சிக்கியது. சில நாளில் அதைச் சுருட்டி வைத்துவிட்டார். பொல்லாத மனுசி என்றால் நான் வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். நல்ல மனுசிதான். அது எனக்கு இன்னும் களைப்பைத் தந்தது.

எல்லா அறைகளுக்கும் மின்சாரம் பிரிந்து போகும் பிரேக்கர் பெட்டி என் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இருந்தது. குடிவந்த புதிதிலேயே எந்தச் சுவிற்ச் எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்திருந்தேன். படித்த படிப்பில் மிஞ்சிய பழக்கம். பழைய வீடு. பின்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் ஒரே சுவிற்ச். அக்காவின் வேலை அறைக்கும் அங்கிளின் படுக்கை அறைக்கும்.

முதல் தடவை அதை இறக்கி உடனே ஏற்றினேன். கண் இமைக்கும் நேரம். மேலே பேச்சு பாதியில் அறுந்தது. சில்லு நின்றது. அந்தப் பழைய கணினி திரும்ப எழும்ப நல்ல நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிறகு கதவில் தட்டினார்.

"கிளிபோட், நித்திரையே? கொம்பியூட்டர் செத்துப்போச்சு. கதைச்சுக்கொண்டிருக்கேக்க பொத்தெண்டு நிண்டிட்டுது. ஒருக்கா மேல வாரும்."

போனேன். தகட்டைக் கழற்றித் தூசி தட்டினேன். அக்கா தேத்தண்ணியும் பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். நான் இரவு முழுக்கப் பாணோடு நிற்கிறவன் என்பதை அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பக்கத்து அறையிலிருந்து அங்கிள் குரல் கொடுத்தார்: "எஞ்சினியர் வந்திட்டாரே?" அந்த வீட்டில் எனக்குப் பெயர் எஞ்சினியர். தொழிற்சாலையில் என்னை விசிலடித்துக் கூப்பிடுவார்கள். நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன். இதில் முக்கியம் ஒன்றும் இல்லை.

நித்திரைதான் வேண்டுமென்றால் எதற்கு எழும்பி மேலே போய் மணிக்கணக்கில் திருத்திக்கொண்டிருந்தாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒருவருடைய கணினி நின்றுபோனால் திருத்தத் தெரிந்தவன் போக வேண்டும். அவ்வளவுதான்.

மெமரியை மாற்றினேன். காற்றாடியை மாற்றினேன். ஒவ்வொன்றும் மாற்றிய பிறகு சில நாள் சுவிற்ச்சைத் தொடமாட்டேன். கணினி நன்றாக ஓடும். அக்கா தன் சிநேகிதிகளிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்வார். பிறகு சில்லு திரும்ப நெற்றியில் ஏறும்.

ஒருநாள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"கொம்பனியில கடைசி எச்சரிக்கை தந்திட்டினம். இன்னும் இப்பிடி நிண்டால் ஒவ்வொரு நாளும் ஒஃபிசுக்கு வரட்டாம். நான் போனால் அப்பாவை ஆர் பாக்கிறது?"

"நான் இருக்கிறன்தானே அக்கா," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அதே வாரம் இன்னொன்றும் சொன்னார். கொஞ்சம் தள்ளி, அஜக்ஸ் என்ற ஊரில் ஒரு வீடு பார்த்திருக்கிறாராம். பேஸ்மென்ற் கிடையாது. ஆனால் அப்பாவுக்கு வெளிச்சமான அறை. நல்ல விஷயம் என்றேன். அதற்குப் பிறகு கணினி அடிக்கடி நின்றதாக அக்கா உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் இரண்டையும் முடிச்சுப் போடுகிறீர்கள். நான் போடவில்லை. அந்த நாட்களில் தொழிற்சாலையில் வேலை கூட. எனக்குக் களைப்பு.

இனிப் பற்றரி, அதாவது பேட்டரி. ஒருநாள் மேலே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அங்கிள் சொன்னார்:

"தம்பி, ஒரு புதினம் கேளும். இவளின்ர கொம்பியூட்டர் சாகிற நேரமெல்லாம் என்ர மெசினும் ஒருக்காக் கீச்சிடுது. ரெண்டும் சொந்தக்காரரோ?"

"அப்பாவுக்கு ஆரைக் கண்டாலும் சொந்தம் விசாரிக்கிற வியாதி," என்றார் அக்கா. "இப்ப மெசினுக்கும் தொடங்கிட்டார்."

மூவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.

"அது பற்றரி பழசு, அங்கிள். அதுதான் கத்துது. நான் மாத்திவிடுறன்."

"பழசோ? மடுத் திருவிழாவுக்கு மிட்லண்ட் போய்வந்து போட்டதெல்லோ?"

அது அவருடைய வழக்கம். ஆவணியில் நம்மவர்கள் இங்கே கொண்டாடும் மடுமாதா திருவிழாவுக்கு மிட்லண்ட் கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் வீட்டிலுள்ள எல்லா அலாரங்களுக்கும் புதுப் பற்றரி போடுவார். ஒவ்வொன்றிலும் பேனையால் சின்னதாகச் சிலுவை கீறிவிடுவார். மாதா காவல் என்பார். மெசின் கத்துவதற்கான சதுரப் பற்றரியும் அப்படித்தான். நான் மெசினைத் திறந்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். நாளைக்குப் புதிதாக ஒன்று போடுகிறேன் என்றேன். போடவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை. மெசின் கீச்சிடாமல் விட்டதே அவருக்குப் போதும். எஞ்சினியர் திருத்திவிட்டார் என்று நினைத்திருப்பார்.

அந்தப் பற்றரியை நான் எறிந்திருக்க வேண்டும். வேறு யாராவது என்றால் எறிந்திருப்பார்கள், நீங்களும் இப்போது இங்கே என்னோடு இருந்திருக்க மாட்டீர்கள். குப்பை வாளியின் மூடியைத் திறந்தும் விட்டேன். ஆனால் சிலுவை கீறிய பொருளைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்விக்குப் போனதில் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது போல. என் பேஸ்மென்ற் புகை அலாரம் பற்றரி இறங்கிப்போய் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அதில் போட்டேன். அதுவும் அடங்கிவிட்டது.

கடைசி நாள் காலையில் வந்து படுத்தேன். சில்லு உருண்டது. சுவிற்ச்சை இறக்கினேன். இந்தத் தடவை ஏற்றவில்லை.

அக்கா தட்டினார். மேலே போனேன். கணினித் திரையின் சின்ன விளக்குக்கூட எரியவில்லை. கணினிக்குள்ளே என்ன பழுதென்றாலும் திரையின் விளக்கு அணையாது; இது கொஞ்சம் தெரிந்தவருக்கும் தெரியும். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பவர் சப்ளை போயிட்டுது, அக்கா. புதுசு போடவேணும்."

"இஞ்ச பக்கத்தில வாங்கலாமே?"

"இந்த மொடலுக்கு ஒஷாவாவிலதான் கிடைக்கும்."

பக்கத்துக் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஒஷாவாவுக்கு 401 நெடுஞ்சாலையில் போய்வர நல்ல நேரம் எடுக்கும்.

"கொம்பனிக்கு ஒரு சாட்டுச் சொல்லிப்போட்டு ஓடிப்போட்டு வாறன். அப்பா நித்திரை. ஒருக்காப் பாத்துக்கொள்ளும், என்ன?"

"ஓம் அக்கா."

தன் பேச்சு கேட்காமலிருக்க அவர் எப்போதும் அங்கிளின் கதவைச் சாத்தி வைப்பார். திறந்திருந்தால் மெசினின் உறுமல் இல்லை என்பதைக் கவனித்திருப்பார். நான் கவனித்தேன்.

அக்கா போகும்வரை சுவிற்ச்சை ஏற்ற முடியாது. ஏற்றினால் கணினி எழும்பிவிடும். கீழே வந்து படுத்தேன். அவருடைய கார் போன சத்தம் கேட்ட பிறகு ஏற்றியிருக்கலாம். கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டினால் எட்டும். கொஞ்சம் பொறுத்து ஏற்றலாம் என்று கண்ணை மூடினேன்.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது.

அங்கிள் கைத்தடியால் தரையில் தட்டித்தான் என்னைக் கூப்பிடுவார். ரிமோட் கட்டிலுக்குக் கீழே விழுந்தால், போனில் படம் வராவிட்டால். அந்தத் தட்டு எனக்குத் தெரியும். ஒரு பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல இருக்கும். இது அப்படி இல்லை. தாளம் இல்லாத தட்டு. இரண்டு தட்டி நிற்கும். பிறகு ஒன்று. கூப்பிடக் குரல் இருந்திருக்காது. மெசின் கத்தாததால் மின்சாரம் நின்றது நித்திரையில் அவருக்குத் தெரிந்திருக்காது. மூச்சு ஏன் வரவில்லை என்றுகூட விளங்கியிருக்காது.

நான் தலையணையை எடுத்துக் காதின் மேல் வைத்தேன். தட்டு மெதுவானது. இடைவெளி கூடியது. பிறகு நின்றது.

நான் குடிவந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. நல்ல நித்திரை. பல வருடங்களுக்குப் பிறகு அப்படி ஒரு நித்திரை.

அக்காவின் கார் வந்த சத்தத்தில்தான் எழும்பினேன். முதல் வேலையாகச் சுவிற்ச்சை ஏற்றினேன். மேலே மெசின் உறுமத் தொடங்கியது. அது யாருக்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது ஏதோ ஒன்று சரியாகிவிட்டதுபோல இருந்தது.

"கிடைச்சிட்டுது, கிளிபோட். கடைசி ஒண்டு. என்ர நல்ல காலம்," என்று பெட்டியை நீட்டினார். நான் கணினியைத் திறந்து நல்லதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினேன். அக்கா தேத்தண்ணி போட்டார். "அப்பா இன்னும் எழும்பேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு கோப்பையோடு கதவைத் திறந்தார். கோப்பை விழுந்த சத்தம் கேட்டது. நான் கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தேன். அதை முறுக்கி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நைந்த சுவாசப்பை, வயதும் போய்விட்டது என்றார் டொக்டர். செத்தவீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீர் வீட்டில இருந்தனீர் எண்டதே எனக்குப் பெரிய ஆறுதல்," என்றார். அஜக்ஸ் பேச்சை விட்டுவிட்டார். மெசினைத் திருப்பி எடுக்க வந்த ஆள்தான் பற்றரி இருக்கும் இடம் வெறுமையாக இருப்பதைக் காட்டினார். அக்கா பொலிசுக்கு வந்து, அப்பா பற்றரியில் கீறும் சிலுவையைப் பற்றி உங்களிடம் சொன்னார். உங்கள் ஆட்கள் என் புகை அலாரத்தைத் திறந்தார்கள்.

நேரடியாகச் சொல்லச் சொன்னீர்கள். சுவிற்ச்சை இறக்கியது நான். பற்றரியைக் கழற்றியது நான். அவர் தட்டியது எனக்குக் கேட்டது. எதற்குத் தட்டுகிறார் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் படுத்திருந்தேன். வசுமதி அம்மா, இதை அப்படியே எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அக்கா என்னோடு இனிப் பேசமாட்டார். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் யாராவது போய் அவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். அன்றைக்குப் பிறகு அந்தக் கணினி ஒரு தடவையாவது நின்றதா என்று. நின்றிருக்காது. நான் திருத்திக் கொடுத்த எதுவும் திரும்பப் பழுதானதில்லை.