என் சட்டைப் பொத்தானைக் கழற்றியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் இல்லத் தலைவர் அவர்களே, மருத்துவர் அம்மையார் அவர்களே, செவிலியர்களே, கணவரை இழந்து நிற்கும் எங்கள் அண்ணியாரே, இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் அன்பர்களே! எல்லோருக்கும் இந்த இல்லத்துக் கணக்கரின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் மறைந்த நம் தச்சர் பலகையாரைக் கண்டு வியந்ததாகச் சொன்னார்கள். நான் வியக்கவில்லை. பொறாமைப்பட்டேன்! அவர் படத்துக்கு முன்னால் நின்றே சொல்கிறேன், இன்றும் படுகிறேன்!

நினைவு தப்பியவர்கள் வாழும் இடம் இது. பெயர் மறந்துபோகும், முகம் மறந்துபோகும். கை மட்டும் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். அந்தக் கைகளுக்காகத்தானே அவர் பலகை செய்தார்? உடைந்த அலமாரிக் கதவை இழைத்து, பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய குழாய்த் திருகு, கிழிந்த பையின் ஜிப், கம்பளத் துண்டு என்று பொருத்துவார். தடவத் தடவ அவர்களுக்கு ஏதோ ஒன்று திரும்பி வரும். எத்தனை பேர் சிரித்ததை இதே கூடத்தில் பார்த்தோம்!

என் மனைவியும் இங்கேதான் இருக்கிறாள். அவளுடைய பலகைக்குச் சாமான்களை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள், நான் வாங்கித் தந்த கைப்பையின் கொக்கி, என் சட்டைப் பொத்தான். மறுபேச்சில்லாமல் பொருத்தித் தந்தார். அவள் சீண்டக்கூட இல்லை.

சில நாளில் திருப்புளியோடு வந்து எல்லாவற்றையும் கழற்றினார். "சார், இது உங்க பலகை. அவங்களோடது வேற. அவங்க கட்டைவிரல் நாற்காலிக் கைப்பிடிய அழுத்திக்கிட்டே இருக்கே, கவனிச்சீங்களா?"

நானும்தான் தினமும் பார்த்தேன்! நோயின் கோளாறு என்று நினைத்தேன். அவரோ ஒரு சைக்கிள் மணியைப் பொருத்தினார்.

அவள் அடித்தாள். "ஓரம் போங்க, ஓரம் போங்க! பிரேக் பிடிக்கல!" என்று கத்தினாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்பர்களே, அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது! காலமெல்லாம் என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தவள்! கட்டிய கணவனுக்குத் தெரியாததை ஒரு தச்சர் கண்டுபிடித்தால் வயிறு எரியாதா? என்னை யாரென்று கேட்பவள், அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவாள். எரியாதா?

அவர் மறைந்த வாரமே அந்த மணி பழுதாகிவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கி, பழைய மணி ஒன்றைத் தேடிப் பிடித்து நானே மாட்டினேன்.

"யாரு செஞ்சது?" என்றாள்.

"நான்தாம்மா."

கையை இழுத்துக்கொண்டாள். "வேணாம். அவர் வரட்டும்."

இனி அவர் எங்கே வருவார்? "அவர்தாம்மா செஞ்சு குடுத்தனுப்பினார்" என்றேன். உடனே மணியை அடித்தாள்!

பலகையாரே, உங்கள் பட்டறைச் சாவியை அண்ணியாரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். இந்த இல்லத்தில் எந்தக் கையும் வெறுமனே தேடிக்கொண்டிருக்க விடமாட்டேன். சபையறிய நான் தரும் வாக்கு இது. என் மனைவிக்கும் நான்தான் செய்வேன். யார் செய்தது என்று அவள் கேட்பாள். ஒவ்வொரு முறையும் உங்களைத்தான் சொல்வேன். வயிறு எரியத்தான் செய்யும். எரிந்தால் எரியட்டும், அவள் மணி அடிக்க வேண்டும்!