வாசப்படி அகல வெளிச்சம்

– இன்னும் ஒருக்கா நடங்க, பூவரசண்ணா. இப்பவும் வெளிச்சத்தத் தாண்டிப் போயிட்டீங்க.

– தாண்டிட்டனா? எத்தன அடி, சமரீன்?

– ரெண்டடி இருக்கும். மூணு தடவ ஆச்சு. இன்னும் நாலு எட்டு வெச்சா மேடைய வுட்டுக் கீழதான்.

– அது கெடக்குது வுடு. என்னமோ தகரத்த மடக்குற சத்தம் கேட்டுதே, அது என்னா தங்கச்சி?

– லைட்டுக்குக் கதவுங்ணா. நாலு பக்கமும் நாலு. ரெண்டு பக்கம் சாத்துனா வெளிச்சம் வாசப்படி அகலத்துக்குத்தான் வுழும். மேல் கதவ எறக்குனா பின்னாடி திரையில சிந்தாது.

– அப்ப நீ வெளிச்சத்துக்கு டெய்லருன்னு சொல்லு.

– அட போங்ணா! ராஜா சாவுற எடத்துல உங்க மூஞ்சி மட்டுந்தான் தெரியணுமாம், நாடகத்த நடத்துற மாதவராஜ் சார் சொல்லிட்டாரு. ஆறு மணிக்கு அரூரே வந்து ஒக்காந்துரும். நீங்க இருட்டுல நின்னு பேசுனா என்னத்தப் பாக்கும் சனம்?

– போன வருசம் பாப்பிரெட்டிப்பட்டியில பழைய லைட்டு வெச்சியே. அதையே வெய்யி.

– எதுக்குங்ணா? அது கரண்ட்டக் குடிக்கும். இது புது எல்.இ.டி. வெளிச்சம் ரெண்டும் ஒண்ணுதான்.

– எனக்கு ஒண்ணில்ல. வண்டியில கெடக்குதா, இல்லியா?

– கெடக்குது, இருங்க... ம், மாட்டிட்டேன். கதவு அதே அளவுதான். நடங்க பாக்கலாம்.

– வந்தேன்... வந்தேன்... இங்கதான?

– அல்லாவே! நட்டநடுவுல நின்னுட்டீங்க! லைட்டத் தவிர நான் ஒண்ணுமே மாத்தலியே, எப்படிங்ணா? எங்க, என்னப் பாருங்க. கையில என்னா வெச்சிருக்கேன்?

– ஸ்க்ரூ டிரைவரு.

– ரெண்டு கையும் சும்மாதாங்ணா இருக்குது.

– சத்தம் போடாத, தங்கச்சி. சக்கர வியாதி. ஆறு மாசமா கண்ணு முழுக்கப் பொக அடிச்சாப்புல இருக்குது. பழைய லைட்டுன்னா மூஞ்சியில சுள்ளுன்னு ஒறைக்கும், ஒறைக்கிற எடத்துல நின்னுக்குவேன். உன் புதுசுல சூடே இல்லியே, நான் எங்கன்னு நிக்கறது? மாதவராஜுக்குத் தெரிஞ்சா ராஜா வேசத்த இன்னிக்கே புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. இருவது வருசமா நான் கட்டுற வேசம், சமரீன். பயமா இருக்குது. சொல்லிருவியா?

– பழைய லைட்டு இன்னொண்ணு இருக்குதுங்ணா. கதவ ஒட்டச் சாத்தி மேடை ஓரத்துல குறுக்கால வுடறேன், மொழங்கால்ல சூடு பட்டா அதுக்கு மேல ஒரு எட்டும் வெக்காதீங்க.