தேதி போடாத கடிதம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. மாமல்லபுரம் போகிற சாலையில் இருக்கும் எங்கள் இன்ஜினியரிங் காலேஜில் கடிதமெல்லாம் நான்தான் எழுதுவேன். பெயர் பாஷ்யம். ஆபீஸ் சூப்பரின்டெண்ட்.

ஒப்பந்தத்தில் சேருகிறவர்கள், சேர்ந்த அன்றே தேதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். பீரோவில் நாற்பத்திரண்டு கடிதங்கள்; எதில் தேதி விழுகிறதோ அந்த ஆள் வெளியே. அதில் ஒன்று என்னுடையது. ஒன்பது வருஷமாகப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதில் தேதி விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

துர்காதேவி கெமிஸ்ட்ரி லெக்சரர். “அந்த லெட்டரக் கிழிச்சிடுங்க சார், தூக்கமே வர மாட்டேங்குது,” என்று ஒருமுறை கேட்டாள். எனக்கும் வரவில்லை. பீரோவைப் பூட்டினேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் கெமிஸ்ட்ரி லேபில் வாயு கசிந்தது. அட்டெண்டர் முனிசாமி ஓடி வந்தான்.

“சார், துர்கா டீச்சரம்மாவுக்கு மூச்சு இழுத்துகினு கீது. வேன் சாவி குடு சார்.”

சாவி என் மேஜை மேலேயே இருந்தது. அவனை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைத் தாழிட்டேன்.

வேலையில் இருப்பவள் லேபில் செத்தால் விசாரணை வரும். காலேஜ் தப்பிக்க, அதை நடத்தும் கரஸ்பாண்டென்ட் பழியை என் மேல் போட்டு முதலில் என் கடிதத்தைத்தான் எடுப்பார். ராஜினாமா செய்தவள் செத்தால், ஏதோ சாமான் எடுக்க வந்தவள் என்று போய்விடும். அவள் கடிதத்தில் முந்தின நாள் தேதியை எழுதினேன். தேதி முத்திரையை ஒரு நாள் பின்னால் திருப்பிக் குத்தினேன். தபால் பதிவேட்டில் ஏற்றி, மை காயக் காத்திருந்தேன்.

“உசுரு கீது சார், இன்னும் கீது,” என்று முனிசாமி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். என் எழுத்து நடுங்கவில்லை.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துச் சாவியைக் கொடுத்தேன். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி வாசலில் அவள் போய்விட்டாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் பூட்டியிருந்த நாள். பயத்தில் காலண்டரைப் பார்க்கவில்லை. அதில்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள்.

இப்போது கரஸ்பாண்டென்ட் கொடுத்தாரென்று நீங்கள் நீட்டுகிற என் ராஜினாமாவில் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தேதி இருக்கிறது. டைப்பிஸ்ட் லதாவின் எழுத்து. நான் வேலை பழக்கிய பெண், காலண்டரைப் பார்த்தே போட்டிருக்கிறாள். ஆக, திங்கட்கிழமை செத்தவளும் காலேஜ் ஆள் இல்லை, சாகவிட்டவனும் காலேஜ் ஆள் இல்லை.

லதாவைத் தொந்தரவு செய்யாதீர்கள், ஐயா. அவள் தேதிதான் போட்டாள். நானும் அதைத்தான் செய்தேன்.